நான் பார்க்காத பதினொரு பாடங்கள்

போன மாதம் லதா போன் செய்தாள். ஒரு காலத்தில் என்னிடம் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவள். இப்போது அதே நிறுவனத்தில் விரிவுரையாளர், அதாவது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். நாற்காலி இன்னும் ஆடுகிறதா என்று கேட்டேன். ஆடுகிறதாம். மற்றதெல்லாம் மாறிவிட்டது. அங்கீகார விதிகளை மறுபடி திருத்தியிருக்கிறார்கள், பாடத்திட்டத்தைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், ஆய்வுக் குழு வரப்போகிறது, படிவம் நிரப்பிக் கை வலிக்கிறது என்று புலம்பினாள்.

“மேலேருந்து வர்ற படிவம்லாம் சரி சார். நம்ம ஆபீஸ் படிவத்துல ஒரு பத்தி இருக்கு பாருங்க. ‘மேற்பார்வையாளர் வகுப்பில் அமர்ந்திருந்த நேரம், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை.’ பெங்களூர்ல வேற எந்த இன்ஸ்டிட்யூட்லயும் இது கிடையாது. எந்தப் புண்ணியவான் சார் இதக் கண்டுபிடிச்சது?”

“கண்டுபிடிச்சது பிலோமினா மேடம். புண்ணியவான் நான்.”

அந்தப் பக்கம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, “எழுதிக் குடுங்க சார், நம்ம இன்ஸ்டிட்யூட் ஆண்டு மலர்ல போடலாம். சுருக்கமா எழுதுங்க” என்றாள். இருபத்தைந்து வருஷம் மற்றவர்களிடம் பாடக் குறிப்பைச் சுருக்கமாக எழுதச் சொல்லிப் பிழைத்தவனுக்கு இது வேண்டியதுதான்.

சிலர் தங்கள் தொழிலுக்குப் புத்தகம் விட்டுப் போகிறார்கள், சிலர் கட்டடம் விட்டுப் போகிறார்கள். நான் விட்டு வந்தது ஒரு பத்தி. அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் பூர்வ கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பயிற்சி முடித்து, அல்சூரில் ஒரு பள்ளியில் மூன்று வருஷம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டினேன். மேற்கொண்டு படித்துப் பட்டம் வாங்கியதும், பிள்ளைகளே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவு விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. நீச்சல் குளத்தின் கரையில் நின்று விசில் ஊதுகிறவனின் சட்டை நனைவதில்லை.

எங்கள் நிறுவனம் பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கன்னடப் பிரிவு பெரியது. தமிழ்ப் பிரிவில் ஒரு வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர். அல்சூர், ஜோகுபாளையம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் எங்களிடமிருந்துதான் போனார்கள். வருஷத் தொடக்கத்தில் விரிவுரையாளர் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நான் எப்போதும் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில், தேனீயைப் பற்றிய ஒரே பாடத்தைத்தான் நடத்துவேன். அக்கா தம்பிக்குச் சொல்லி, தம்பி தங்கைக்குச் சொல்லி, அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம் தயாராக இருந்தது. ஒரு வருஷம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முதல் பெஞ்சிலிருந்து “தேன்கூடு சார்” என்று பதில் வந்தது. பயிற்சி மாணவர்கள் அசந்துபோனார்கள். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

1991இல் பிலோமினா மேடம் முதல்வராக வந்தார். உயரமான பெண்மணி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மடியில் வைத்துக்கொள்ள ஒரு கறுப்புக் கைப்பை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சாதாரண நாட்களில் நான் ‘ஜெயசீலன்’. கோபம் வந்தால் ‘மிஸ்டர் ஜெயசீலன்’. அந்த மிஸ்டருக்கு நாங்கள் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்ததில்லை.

அவர் பயிற்சிப் பாடத்தைப் பார்க்கும் விதமே தனி. மற்ற முதல்வர்களுக்கு வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு, சோடா வைத்திருப்போம். இவர் நாற்காலியை வெளியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக இடுக்கிக்கொண்டு உட்காருவார். முழங்கால் முகவாயைத் தொடும். மணி அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். பாடம் முடிந்ததும் பயிற்சி மாணவரைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்: “எந்தப் பிள்ளைக்குப் புரியல?” எல்லாருக்கும் புரிந்தது மேடம் என்று சொன்னவர்கள் மறுநாள் அதே பாடத்தைத் திரும்ப எடுத்தார்கள். பேர் சொல்லி, இந்தப் பையனுக்கு இந்த இடத்தில் புரியவில்லை என்று சொன்னவர்களுக்குக் கையெழுத்து கிடைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் டெல்லியிலிருந்து புதிய விதிகள் வந்தன. அதுவரை அங்கீகாரம் என்பது அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய காகிதம். அதன்பிறகு அது ஆண்டுதோறும் நாங்கள் எழுதும் பரீட்சையாக மாறியது. இத்தனை மாணவருக்கு இத்தனை விரிவுரையாளர். நூலகத்தில் இன்னின்ன. வகுப்பறையின் நீளம், அகலம். நானும் எங்கள் பியூன் கெம்பண்ணாவும் டேப்பைப் பிடித்து அறை அறையாக அளந்தோம். மனோதத்துவ அறை ஒரு சாண் குறைந்தது. பாடத்திட்டத்திலும் தாளில் எழுதும் பகுதியைக் குறைத்து, வகுப்பில் நின்று நடத்தும் பகுதியைக் கூட்டியிருந்தார்கள். பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் உண்மையான வகுப்பில், உண்மையான பிள்ளைகளுக்கு நாற்பது பாடம் நடத்த வேண்டும். நாற்பதையும் விரிவுரையாளர் நேரில் இருந்து பார்த்து, குறிப்பு எழுதிக் கையெழுத்திட வேண்டும். பார்க்காத பாடம் கணக்கில் சேராது. அந்த நாற்பது இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது.

இந்த வரிகளை நான்தான் ஸ்டாஃப் ரூமில் சத்தமாகப் படித்துக் காட்டினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வருஷங்களில்தான் செல்வி வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜோகுபாளையத்தில் ஒரு கமிட்டி நடத்திய சின்னத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். கணவர் பீன்யாவில் லேத் ஓட்டினார், இரண்டு பிள்ளைகள். பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்களை வருகிற ஜூனுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளிக் கமிட்டி சொல்லிவிட்டது. ஆகவே, தன் மகள் வயதுப் பெண்களோடு வந்து உட்கார்ந்து ‘கற்பித்தலின் படிநிலைகள்’ என்று நோட்டில் எழுதினார். நான் கரும்பலகையில் படிநிலைகளை எழுதும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதையான பொறுமை இருக்கும். சமைக்கத் தெரிந்தவருக்குச் சமையல் குறிப்பு வாசித்துக் காட்டுகிற கூச்சம் எனக்கு வரும்.

அந்த வருஷத் தமிழ்ப் பிரிவில் எட்டுப் பேர். ஏழு பேருக்கு அல்சூர் பள்ளி. அதற்கு எதிரே நல்ல காபி கிடைக்கும் ஓட்டல் இருந்ததால் என் மேற்பார்வை அங்கே குறைவில்லாமல் நடந்தது. செல்விக்கு மட்டும் அவர் வேலை செய்யும் பள்ளியிலேயே பயிற்சிப் பாடம் நடத்த மேடம் அனுமதி கொடுத்தார். “ஜெயசீலன், நீங்க அங்க தனியா போகணும். போவீங்களா?” என்று கேட்டார். “கண்டிப்பா மேடம்” என்றேன். ஓட்டலிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போகத்தான் செய்தேன். நாலைந்து பாடம் பார்த்ததும், இந்த அம்மாளுக்கு நான் என்ன சொல்ல இருக்கிறது என்று தோன்றியது. இதைப் பணிவு என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனத்துக்குப் பணிவு மாதிரி பொருத்தமான சட்டை கிடையாது. நடுவில் அத்தி பூத்தாற்போல் ஒரு நாள் எட்டிப் பார்ப்பதோடு சரி. மாதத் தொடக்கத்திலேயே செல்வியின் பதிவேட்டை வாங்கி, கால அட்டவணைப்படி தேதிகளைப் போட்டு, குறிப்பும் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவேன். நடக்கப்போகும் பாடத்துக்கு நடந்ததுபோல் குறிப்பு. ஜோசியர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள். என்னிடம் ஆறு வாக்கியங்கள் இருந்தன. அவற்றை மாற்றி மாற்றிப் போடுவேன். மேடம் என் கையெழுத்தை நம்பி மேலொப்பம் இட்டார்.

மார்ச் கடைசியில் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். பேசியவர் ஒருவர்தான், தார்வாட் பக்கத்திலிருந்து வந்த பேராசிரியர். ஒல்லியாக, நிதானமாக, வெற்றிலை போட்ட வாயோடு கன்னடம் பேசினார். காலையில் டேப் இல்லாமலே மனோதத்துவ அறையைப் பார்த்து, “சொல்பம் குறைகிறதோ” என்றார்.

மதியம் பதிவேடுகளை மேசையில் அடுக்கச் சொன்னார். எட்டில் ஒன்றை உருவினார். செல்வியுடையது. பிறகு தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வரும் வழியில் ஜோகுபாளையத்துப் பள்ளிக்குப் போய், அவர்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து வேலை நாட்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓர் அடிக்கோலைப் பதிவேட்டில் வரியின் கீழ் வைப்பார், தாளைப் பார்ப்பார், அடிக்கோலை ஒரு வரி இறக்குவார். அவசரமே இல்லை. ஒரு பக்கத்தில் அடிக்கோல் நின்றது. அடுத்த பக்கத்திலும் நின்றது.

“மேஷ்ட்ரே, இந்த ஆறு நாளும் நீங்கள் அங்கே போயிருந்தீர்களா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஹௌது சார்” என்றேன். ஆமாம் சார். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே மிகச் சுருக்கமான கன்னடம் அது.

“வகுப்பறைக் கட்டுப்பாடு மிக நன்று என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“நன்றாகவே இருந்தது சார்.”

“இருந்திருக்கும்” என்றார் அவர். “அந்த வாரம் தேர்தல் பந்தோபஸ்துக்கு வந்த ரிசர்வ் போலீஸை அந்தப் பள்ளியில்தான் தங்கவைத்திருந்தார்கள். பள்ளி மூடல் என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் போலீஸ்காரர்களுக்கா பாடம் நடத்தச் சொன்னீர்கள்?”

குழுவின் மற்ற இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஐந்து நாளைக்கு இரண்டிரண்டு பாடம், சனிக்கிழமை ஒன்று, ஆகப் பதினொன்று. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பட்டாளமே தரையில் உட்கார்ந்து பின்னம் படிப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்தேன், வரவில்லை.

மேடம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதுல என் கையெழுத்தும் இருக்கு. அவர் போட்டாரான்னு பாத்தேன். அவர் போனாரான்னு நான் பாக்கல” என்று பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, பதினொரு பாடத்தின் குறுக்கேயும் கோடிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘பார்க்கப்படவில்லை’ என்று எழுதினார்.

“நடத்தப்படவில்லை என்று எழுதலாமே” என்றார் பேராசிரியர்.

“அப்படி எழுத என்கிட்ட ஆதாரம் இல்ல சார். பாக்கலன்னு எழுத இருக்கு.”

பேராசிரியர் தலையசைத்தார். முடிவு எளிதாகச் சொல்லப்பட்டது. செல்வியின் கணக்கில் இருபத்தொன்பது பாடம்தான். அந்த இருபத்தொன்பதிலும் நான் போகாதவை உண்டு; அவற்றை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு முன் மிச்சம் பதினொன்றும் முறைப்படி பார்க்கப்பட்டால் அவர் இந்த வருஷம் தேர்வெழுதலாம். இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்றால் ஜூனில் வேலை போய்விடும் என்பது அந்த அறையில் மேடத்துக்கும் எனக்கும் மட்டும் தெரியும். விடுமுறைக்கு ஏழு வேலை நாள் இருந்தது.

குழு போன பிறகு, “மிஸ்டர் ஜெயசீலன்” என்றார் மேடம். நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நடந்து போங்க” என்று மட்டும் சொன்னார்.

நடந்தேன். ஓட்டலைத் தாண்டினால் பதினைந்தே நிமிடத்தில் போய்விட முடிகிறது.

செல்வி வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாக்பீஸ் தூள் படிந்த கையைப் புடவையில் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

“அந்த வாரம் ஸ்கூல் மூடினத ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நோட்டுல நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களே சார். பெரியவங்க போட்டத, தப்புன்னு நான் வந்து சொல்றதா?” பிறகு மெல்ல, “ஆனா சொம்மா வுடல சார். போலீஸ் காலி பண்ணிட்டுப் போனதும், அப்பால எல்லாத்தையும் எடுத்துட்டேன். பதினொண்ணும்.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன் சார். நீங்கதான் இல்ல.”

“யாரு பாத்தா?”

“புள்ளைங்க பாத்தாங்க.”

விதிப் புத்தகத்தில் பிள்ளைகள் பார்த்ததற்குப் பத்தி இல்லை.

“ஜூன்ல என்ன அனுப்பிடுவாங்களா சார்?” என்று கேட்டார். அதற்குமுன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஏழு நாள் இருக்கிறது, நான் வருகிறேன் என்றேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. நான் அவராக இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் மேடம் எனக்கு ஒரு தாள் கொடுத்தார், கையால் கோடு போட்டது. அதில்தான் முதன்முதலாக அந்தப் பத்தி இருந்தது: உட்கார்ந்திருந்த நேரம், முதல், வரை. நாற்காலி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குக் காலையில் ஆண்டுப் பரீட்சை, மதியம் செல்வியின் பாடம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரேவதி என்று ஒரு பெண், எட்டு ஒன்பது வயது. என் அகலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “சார், சொல்ப தள்ளி ஒக்காருங்க, எனக்கு எழுத எடம் இல்ல” என்றாள். தள்ளி உட்கார்ந்தால் பாதி நான் பெஞ்சில் இல்லை. அப்படியே நாற்பது நிமிடம். வரை: மணி அடிக்கும் வரை.

அங்கே உட்கார்ந்த பிறகுதான், கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையின் கீழ்ப்பகுதி தெரியாது என்று கண்டுபிடித்தேன். அதுவரை வருஷக்கணக்காகக் ‘கரும்பலகைப் பயன்பாடு நன்று’ என்று எழுதியவன். ஒரு நாள் செல்வி பள்ளியிலிருந்து ஏரிக்குப் போகும் வழியைப் படமாக வரையவைத்தார். ரேஷன் கடை, சர்ச், குழாயடி என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல வரைந்தார். குழாயடி சர்ச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று பெரிய சண்டை. கடைசியில் என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். நான் பிறந்ததே அந்தப் பேட்டையில். இருந்தும் சொல்ல முடியவில்லை. “சாருக்கு ஊரே தெரியல மிஸ்” என்றான் ஒருவன். அதையும் பதிவேட்டில் எழுதினேன்.

எல்லாப் பாடமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வகுத்தல் கணக்கில் ஒரு நாள் அவரே தடுமாறினார்; மீதியை எங்கே எழுதுவது என்பதில் பாதி வகுப்பு வழிதவறியது. ‘மூன்றாம் பெஞ்சில் மூர்த்தி கடைசிவரை விழித்தான், ஆசிரியர் கவனித்தார், ஆனால் அவனிடம் போக நேரமில்லை’ என்று எழுதினேன். செல்வி அதைப் படித்துவிட்டு, “என்ன சார் இப்புடி எழுதிட்டீங்க. முன்னாடிலாம் மிக நன்றுன்னு போடுவீங்களே” என்றார்.

“முன்னாடி நான் வரலம்மா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

மூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குக் காது கேட்கும், வாயும் பேசும், ஆனால் பள்ளியில் பேச மாட்டான். பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவான், அவ்வளவுதான். வீட்டில் பேசுகிறான் என்று அவன் அம்மா சத்தியம் செய்திருக்கிறாளாம்.

கடைசி வேலை நாள், பதினோராவது பாடம். தண்ணீர் எப்படி ஆவியாகி மழையாகிறது என்பது. ஏப்ரல் வெயிலில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. செல்வி வீட்டிலிருந்து ஸ்டவ்வும் பாத்திரமும் கொண்டுவந்திருந்தார். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்தார். தட்டின் அடியில் துளி சேர்ந்து சொட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒழுங்கான, அழகான பாடம். என் தாளில் ‘வரை’ என்ற இடத்தில் நேரத்தைப் போட்டேன். நாற்பது முடிந்தது. செல்வியின் வேலை தப்பியது. ஒரு பெரிய மூச்சு விட்டேன்.

பக்கத்தில் ரேவதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சார், மொதோ தபா மிஸ்ஸு எடுத்தாங்கல்ல, அது இன்னும் சூப்பரா இருந்துச்சு.”

“அப்பிடியா? அப்ப என்ன பண்ணாங்க?”

“அப்ப நெஜமாவே மழ பெஞ்சுது சார். மிஸ்ஸு பாடத்த வுட்டுட்டு எல்லாரையும் வராண்டாவுக்கு இட்டுனு போனாங்க. கை நீட்டச் சொன்னாங்க. டம்ளர்லாம் வெச்சோம். அப்ப மூர்த்தி பேசுனான் சார்.”

“மூர்த்தியா? என்ன பேசினான்?”

ரேவதி யோசித்தாள். “ஞாபகம் இல்ல சார். ஆனா பேசுனான். எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.” பிறகு என்மேல் இரக்கப்பட்டவள் போல, “நீங்க வந்திருக்கணும் சார்” என்றாள்.

பதிவேட்டைப் புரட்டி அந்தப் பாடத்தை எடுத்தேன். குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் மேடத்தின் ‘பார்க்கப்படவில்லை’. கோட்டுக்கு அடியில், நடப்பதற்கு முன்பே ஓட்டலில் உட்கார்ந்து நான் எழுதிய வாக்கியம்: ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.’ ஆறு வாக்கியத்தில் ஒன்று. அன்றைக்கு அது முழுக்க உண்மையாக இருந்திருக்கிறது. உண்மையை எழுதிவிட்டு அதைப் பார்க்காமல் போனவன் இந்தத் தொழிலில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

செல்வியிடம் கேட்டேன், மூர்த்தி என்ன சொன்னான் என்று. ஸ்டவ்வை அணைத்துக்கொண்டே, “இப்ப சொன்னா நல்லா இருக்காது சார். அந்நேரத்துல கேட்டிருந்தாதான்” என்றார். மூர்த்தியிடம் போய் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். அவன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வி தேர்வெழுதினார். ஜூலையில் சான்றிதழ் வந்தது. அதுவரை பொறுக்கச் சொல்லிப் பள்ளிக் கமிட்டிக்கு மேடம் கடிதம் கொடுத்திருந்தார். எங்கள் நிறுவனத்துக்கும் அங்கீகாரம் நீடித்தது. கையால் கோடு போட்ட அந்தத் தாளை மேடம் அச்சடித்து எல்லாப் பிரிவுக்கும் கொடுத்தார். ஸ்டாஃப் ரூமில் என்னை எல்லாரும் எப்படிப் பார்த்தார்கள் என்று லதா ஊகித்துக்கொள்ளட்டும். மேடம் சில வருஷத்தில் ஓய்வு பெற்றுப் போனார். அந்தப் பதினொன்றைப் பற்றிக் கடைசிவரை வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு எனக்கு ‘மிஸ்டர்’ போட ஆளில்லை. விண்ணப்பங்கள் குறைந்து குறைந்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஜூனில் தமிழ்ப் பிரிவில் சேர யாரும் வரவில்லை. மிச்ச வருஷங்களைக் கன்னடப் பிரிவில் கழித்தேன்.

ஓய்வு பெறும்வரை என் மாணவர்களின் பாடங்கள் எல்லாவற்றையும் மணி அடிக்கும்வரை இருந்துதான் பார்த்தேன். எத்தனையோ நல்ல பாடங்கள். அவை எதுவும் இப்போது எனக்குப் பெரிதாக ஞாபகம் வருவதில்லை. வராண்டாவில் வரிசையாக நீட்டிய கைகள்தான் வருகின்றன. நான் பார்க்காதது எப்படி ஞாபகம் வரும் என்று என் மனைவி கேட்கிறாள். வருகிறது.

வேலையில் இருந்த நாட்களிலேயே, மேகம் கட்டினால் எனக்கு ஜோகுபாளையத்தில் ஏதாவது வேலை முளைத்துவிடும். பயிற்சிப் பள்ளியைப் பார்க்கிறேன், புதிய தலைமையாசிரியரைச் சந்திக்கிறேன் என்று கெம்பண்ணாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். நான் போய்ச் சேரும்போது மேகம் கலைந்திருக்கும். அல்லது மழை பிடித்திருக்கும், செல்வி கழித்தல் நடத்திக்கொண்டிருப்பார். அல்லது மழையும் இருக்கும், அன்றைய பாடமும் அதுவாகவே இருந்திருக்கும், ஆனால் பள்ளி விட்டிருக்கும்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் ஒரு நாள் மதியம், நல்ல மழை. குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். வராண்டாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முழுக்க நனைந்து வாசலில் நின்றேன். புதிய பிள்ளைகள், என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார்கள். செல்விக்கு முன்நெற்றியில் நரைத்திருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“இன்னா சார் இந்த மழையில?”

“சொம்மா வந்தேம்மா, இந்தப் பக்கம்.”

அவர் என்னைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“அந்தப் பாடம் போன வாரமே முடிஞ்சிருச்சே சார்” என்றார்.